பழைய மரத்தரையை மீட்பது: அளவெடுப்பதிலிருந்து கடைசிப் பூச்சு வரை

பழைய மரத்தரை ஒன்றைப் புதுப்பிக்க முடியுமா என்பதை அதன் அழுக்கோ கறையோ தீர்மானிப்பதில்லை. பலகையின் நாக்குக்கு (பக்கத்துப் பலகையின் காடி என்ற பள்ளத்துக்குள் நுழையும் நீட்டிய விளிம்பு) மேலே இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மரம் மிச்சமிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நாக்கும் காடியுமாகக் கோக்கும் 19 மி.மீ. முழுமரப் பலகையைப் புதிதாகப் போடும்போது நாக்குக்கு மேலே சுமார் 6 மி.மீ. மரம் இருக்கும். மெஷின் வைத்து ஒருமுறை முழுதாகத் தேய்த்தால் அதில் 0.8 முதல் 1 மி.மீ. வரை போய்விடும். நிதானமாகத் தேய்த்தால் அந்தத் தரை நான்கைந்து முறை தாங்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இரண்டு முறையிலேயே முடிந்துபோகும். போன மரம் திரும்பாது என்பதால், கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தச் சில மில்லிமீட்டரை மிச்சம் பிடிப்பதற்காகவே.

## முதலில் அளவு

அளவெடுக்கப் பலகையைப் பெயர்க்க வேண்டியதில்லை. கதவு நிலைக்கு அடியில் இருக்கும் மூடுபட்டையையோ சுவரோர ஸ்கர்ட்டிங்கையோ ஓரிடத்தில் கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். தரையில் காற்றுக்குழாய் மூடி இருந்தால் அதைத் தூக்கினாலே போதும். மேற்பரப்பிலிருந்து காடியின் மேல் உதடு முடியும் இடம் வரை அளந்து பாருங்கள். முன்பு தேய்த்தவர்கள் கதவோரத்திலும் சுவரோரத்திலும் கூடுதலாகக் குழித்திருப்பார்கள், ஆகவே குறைந்தது மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணே உங்கள் கணக்கு.

3 மி.மீ.க்கு மேல் இருந்தால் மெஷினால் தாராளமாகத் தேய்க்கலாம். 2 முதல் 3 மி.மீ. என்றால் இன்னும் ஒரே ஒரு முறை, அதுவும் 60 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி (நம்பர் குறையக் குறையத் தாள் கரடு). 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் டிரம் சாண்டரை (உருளையில் உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் பெரிய மெஷின்) தொடவே கூடாது. அந்த மெலிவில் காடியின் மேல் உதடு நீளவாக்கில் சிம்பு சிம்பாகப் பெயரும். நாக்கில் சாய்வாக அடித்த ஆணிகளின் தலை இணைப்புக் கோட்டில் எட்டிப் பார்க்கும். இந்த இரண்டு அறிகுறிகளும் ஏற்கெனவே பல இடங்களில் தெரிந்தால் அளவுகோலே வேண்டாம், அந்தத் தரையில் தேய்க்க மரம் இல்லை.

வெட்டுமுகத்தில் ஒட்டுப்பலகைபோல அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது முழுமரம் அல்ல. மேலே ஒட்டியிருக்கும் மர அடுக்கு சில ரகங்களில் 6 மி.மீ. வரை இருக்கும், சிலவற்றில் 1 மி.மீ.கூட இருக்காது. 2 மி.மீ.க்குக் குறைவான அடுக்கை மெஷினுக்குக் கொடுப்பது ஆபத்து. ஒரே முடிச்சும் ஒரே ரேகையும் பல பலகைகளில் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது லாமினேட். அதில் தெரிவது மரமே அல்ல, மரத்தின் படம் அச்சிட்ட தாள்.

## மேலே பூசியிருப்பது என்ன?

அலமாரிக்கு அடியில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சோதிக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். அங்கே வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் மேலே மெழுகு இருக்கிறது. டர்பன்டைன் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைக்கும்போது பழுப்பாக ஒட்டினாலும் மெழுகுதான். ஸ்பிரிட் பட்டு இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். லேக்கர் தின்னர் பட்டுக் கரைந்தால் லேக்கர். கரையாமல் சுருங்கிப் பொருக்கு விட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன்.

மெழுகு இருக்கிறதா என்பது இதில் மிக முக்கியம். மெழுகுக்கு மேல் எந்தப் புதுப் பூச்சும் பிடிக்காது. தேய்க்கும்போதும் சூட்டில் உருகி உப்புத்தாளின் கண்களை அடைத்துவிடும். தேய்ப்பதற்கு முன் டர்பன்டைனும் துணியுமாக இரண்டு மூன்று முறை துடைத்தெடுப்பது உப்புத்தாள் செலவைப் பாதியாகக் குறைக்கும். அப்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டிலும் சில பழைய வார்னிஷ்களிலும் ஈயம் கலந்திருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதன் பிறகும் புழக்கத்தில் இருந்தது. தரையின்மேல் பழைய பெயின்ட் இருந்தால் ஒரு துண்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் தேய்க்காதீர்கள். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ஒருமுறை வீட்டுக்குள் பரவினால் சுத்தம் செய்வது பெரும்பாடு. லினோலியமோ வினைல் ஓடோ பெயர்த்த தரையில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டுவதோ தேய்ப்பதோ கூடவே கூடாது. சோதனை முடிவு வரும்வரை வேலையை நிறுத்தி வைப்பதே சரி.

## தேய்க்காமலே முடியுமா?

பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே சாண்டரை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். தரை மங்கியும் மேலோட்டமாகக் கீறியும் இருக்கிறது, ஆனால் மரம் சாம்பல் நிறத்துக்கு மாறவில்லை என்றால் பெரும்பாலும் பழைய பூச்சை மட்டும் சொரசொரப்பாக்கி மேலே ஒரு கோட் கொடுத்தாலே போதும். அதிகம் நடமாடும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மரம் கறுத்தால் அங்கே பூச்சு போய்விட்டது.

முதலில் ஒரு சதுர அடியில் செய்து பாருங்கள். 150 நம்பரில் தேய்த்து, துடைத்து, ஒரு கோட் பூசி, நன்கு காய்ந்த பிறகு பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, மேலே ஒட்டுநாடா ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். பூச்சு நாடாவோடு வரவில்லை என்றால் தரை முழுவதையும் அப்படியே செய்யலாம். சுழலும் பஃபர் மெஷினில் 120 அல்லது 150 நம்பர் வலைத்தாள் (வலைபோன்ற உப்புத்தாள்) மாட்டி, பளபளப்பு எங்குமே மிச்சமில்லாமல் ஒரே சீராக மங்கும்வரை ஓட்டி, தூசியை உறிஞ்சி, அன்றே பூசிவிட வேண்டும். இதில் மரம் கொஞ்சமும் குறைவதில்லை. மெழுகு தேய்த்த தரையில் மட்டும் இந்த வழி செல்லாது.

## ஈரம், பூச்சி, சத்தம்

ஓரங்கள் உயர்ந்து நடுப்பகுதி குழிந்த பலகை கீழேயிருந்து ஈரம் வாங்குகிறது என்று அர்த்தம். அதை அப்படியே சமனாகத் தேய்த்துவிட்டால், பிறகு ஈரம் வற்றும்போது ஓரங்கள் தாழ்ந்து நடு முதுகு உயரும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டும், அதற்குள் பலகை பாதியாகிவிடும். குழிந்த தரையில் முதல் வேலை ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. ஒழுகும் குழாய், காற்றோட்டமில்லாத அடித்தளம், வெளிச்சுவரோரம் தேங்கும் மழைநீர் ஆகியவையே வழக்கமான காரணங்கள். வழியை அடைத்த பிறகு பலகை தானாகவே பெருமளவு நேராகும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம்.

எப்போது தொடங்கலாம் என்பதை ஈரமானி சொல்லும். பல இடங்களில் குத்திப் பார்த்து, பலகைக்கும் அடித்தளப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 75 மி.மீ.க்கு மேல் அகலமான பலகை என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் எண் மாறாமல் இருப்பதே நம்பத்தக்க அறிகுறி.

உளியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனால் உளுத்த இடம் பொக்கென்று ஒலிக்கும். மாவுபோன்ற மெல்லிய தூளும் 1 முதல் 2 மி.மீ. துளைகளும் இருந்தால் மரம் துளைக்கும் வண்டு, மண் ஒட்டிய சுரங்கப்பாதை தெரிந்தால் கரையான். பழைய துளைகள் மட்டுமே இருந்து புதுத்தூள் விழவில்லை என்றால் பூச்சி எப்போதோ போயிருக்கலாம். கறுப்புத் தாளை விரித்து வைத்து இரண்டு மூன்று வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். போரேட் என்ற பூச்சிமருந்து, மேலே வார்னிஷ் போன்ற பூச்சு இல்லாத மரத்தில்தான் ஊறும். ஆகவே தேய்த்து முடித்த பிறகு, பூசுவதற்கு முன் அடிப்பதே சரியான நேரம். கரையானுக்கு அது போதாது, மண்ணிலிருந்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

கிறீச்சிடும் பலகை பெரும்பாலும் கீழே உள்ள தாங்கு சட்டத்திலிருந்து விட்டுப்போன பலகை. கீழேயிருந்து கை எட்டுமானால் இடைவெளியில் மெல்லிய ஆப்பைப் பசை தடவி மெதுவாகச் செருகுங்கள். ஓங்கி அடித்தால் பலகை மேலெழும்பி இன்னும் கெடும். எட்டாவிட்டால் மேலேயிருந்து துளை போட்டு ஸ்க்ரூவைச் சட்டத்தில் இறக்கி, துளையை அதே மரத்தின் கட்டையால் அடைக்கலாம்.

## பலகைகளைக் கழற்றி மறுபடி போடுவதானால்

அறையின் சுவர் மாறுகிறது, அடித்தளம் இற்றுவிட்டது, அல்லது வேறு வீட்டின் பலகை கைக்கு வந்திருக்கிறது. இப்படி ஏதாவது காரணம் இருந்தால் மட்டும் கழற்றுங்கள். இருந்த இடத்திலேயே செப்பனிடுவது எப்போதும் மலிவு, மரச் சேதமும் குறைவு.

கழற்றத் தொடங்கும் திசை முக்கியம். பலகைகள் நாக்கு வழியாக ஆணி அடிக்கப்பட்டவை. நாக்கு எந்தச் சுவரைப் பார்க்கிறதோ அந்தச் சுவரிலிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றாக நெம்ப வரும். எதிர்ப்பக்கத்தில் தொடங்கினால் காடிகள் உடைந்து குவியும். முதல் வரிசை பெரும்பாலும் காப்பாற்ற முடியாதது. ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்துப் பிளந்தெடுத்து வழி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு தட்டையான நெம்புகோலை ஆணி இருக்கும் இடத்துக்கு நேராக நுழைத்து, பலகையின் முழு நீளத்துக்கும் ஒவ்வோர் ஆணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வாருங்கள். ஒரே ஆணியில் முழுதாக நெம்பினால் பலகை அடுத்த ஆணியில் பிளக்கும். பிடிவாதமான இடத்தில் இரும்பு அறுக்கும் நீள பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிடலாம்.

ஆணிகளை மேற்புறமாகத் தட்டி எடுக்காதீர்கள். குறடால் பின்புறத்திலிருந்து பிடித்து இழுத்தால் தலை மரத்துக்குள்ளேயே நழுவி வந்துவிடும். நாக்கும் உடையாது, முகமும் சிதையாது. எல்லா ஆணியும் போய்விட்டதா என்பதைக் கண்ணை நம்பாமல் உலோகங்காட்டியால் தடவிப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் ஓர் உடைந்த ஆணி ரம்பத்தின் பல்லையோ சாண்டரின் பெல்ட்டையோ தின்றுவிடும்.

பின்புறத்தில் சாக்பீஸால் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அறையில் திரும்பப் போடுவதானால் இந்த எண்கள்தான் தேய்க்கும் வேலையைக் குறைப்பவை, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ஒரே அளவு தேய்ந்திருக்கும். காடிக்குள் இறுகிய அழுக்கையும் பழைய பூச்சையும் சுரண்டி எடுக்காவிட்டால் கோக்கும்போது இடைவெளி விழும், ஒரு மி.மீ. அழுக்கு இருபது வரிசையில் 2 செ.மீ. ஆகிவிடும். அடுக்கும்போது 40 செ.மீ.க்கு ஒன்றாக ஒரே தடிமனான குச்சிகளை இடையில் வைத்து, போடப்போகும் அறையிலேயே ஈரமானியின் எண் நிலைக்கும்வரை விடுங்கள். உடைந்தது, உளுத்தது, முனை அறுப்பது என்று 15 முதல் 20 சதவீதம் கழியும் என்று கணக்கிட்டு அதற்கேற்ப மரம் தேடுவது நல்லது. திரும்பப் போடும்போது சுவரோரம் 12 முதல் 19 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். மரம் விரிய இடமில்லாவிட்டால் நடு அறையில் தரை கூடாரமாக எழும்பும்.

## கெட்ட பலகையை மாற்றுதல்

ஒட்டுப்போட மிகச் சிறந்த மரம் அதே வீட்டில்தான் இருக்கிறது. அலமாரிக்கு உள்ளே, படுக்கைக்கு அடியில், சாமான் அறையில் இருக்கும் பலகைகளைப் பெயர்த்துக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயர்த்த இடத்தில் புதுப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம். வயதும் ரேகையும் நிறமும் தடிமனும் ஒத்துப்போகும்.

எடுக்க வேண்டிய பலகையின் இரு முனையிலும் குறுக்காகத் துளைகள் போட்டு, வட்டரம்ப மெஷினின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வைத்து நடுவில் இரண்டு நீளக் கோடு அறுத்து, நடுத்துண்டை முதலில் பெயருங்கள். ஓரத் துண்டுகள் பிறகு உளிக்குத் தானாக வரும். புதுத்துண்டின் காடியில் கீழ் உதட்டை உளியால் சீவிவிட்டால் மேலேயிருந்து இறக்கலாம். நாக்கிலும் அடியிலும் பசை தடவி இறக்கி, கட்டை வைத்துத் தட்டி, மெல்லிய ஆணியைச் சாய்வாக அடித்துத் தலையைப் பஞ்ச் (ஆணித்தலையை உள்ளே இறக்கும் சிறு இரும்புக் கோல்) வைத்து இறக்குங்கள். பக்கத்து வரிசைகளின் முனை இணைப்புகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 15 செ.மீ. தள்ளி விழ வேண்டும். சதுரமாக வெட்டி வைத்த ஒட்டு எத்தனை கோட் பூசினாலும் ஒட்டாகவே தெரியும்.

புது மரம் பழையதைவிட ஒரு மி.மீ. உயரமாக இருப்பது பரவாயில்லை, தேய்ப்பில் சரியாகும். தாழ்ந்திருந்தால் சுற்றியுள்ள தரை முழுவதையும் அதற்காகத் தேய்க்க வேண்டிவரும்.

## தேய்ப்பு

அறையை முழுதாகக் காலி செய்து, கதவு இடுக்குகளை பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். எரிவாயு அடுப்பு, ஹீட்டர் போன்றவற்றின் சிறு சுடர் எங்கும் எரியக்கூடாது. மரத்தூள் காற்றில் நிறைந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். என்95 தரத்துக்குக் குறையாத முகமூடி, கண்ணாடி, காதுக்காப்பு மூன்றும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே மருத்துவ உலகம் வகைப்படுத்தியிருக்கிறது.

பிறகு ஆணிகள். முட்டிபோட்டுத் தரை முழுக்கக் கையால் தடவி, தெரியும் ஒவ்வொரு தலையையும் பஞ்ச் வைத்து 3 மி.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். ஒரு தலை தவறினால் பெல்ட் கிழியும். அதைவிட மோசம், அந்தப் பொறி தூள்பைக்குள் போய் மணிக்கணக்காகக் கனன்று இரவில் தீப்பிடிக்கலாம். தூள்பையை ஒவ்வொரு இடைவேளையிலும், வேலை முடிந்ததும் கட்டாயமாக, வீட்டுக்கு வெளியே தகரத்தில் கொட்டித் தண்ணீர் தெளியுங்கள்.

20 சதுர மீட்டர் அறைக்கு முதல் நம்பரில் நான்கு பெல்ட், அடுத்தடுத்த நம்பர்களில் இரண்டு மூன்று, ஓர மெஷினுக்கு ஒவ்வொரு நம்பரிலும் ஐந்தாறு வட்டத்தாள் என்று வாங்கி வைத்தால் பாதியில் நிற்க நேராது. தேய்ந்த தாளை வைத்து ஓட்டுவது மிச்சம்பிடித்தல் அல்ல. அது வெட்டாது, சூடேற்றி மரத்தை மெருகேற்றும், பிறகு அந்த இடத்தில் நிறம் ஏறாது.

எந்த நம்பரில் தொடங்குவது என்பதை ஒரு மூலையில் சோதித்து முடிவு செய்யுங்கள். முதலில் 60இல் ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஓட்டத்தில் பழைய பூச்சு போய்விட்டால் அதுவே உங்கள் தொடக்கம். போகாவிட்டால் 40. தடித்த பெயின்ட் அல்லது பெரிய மேடுபள்ளம் இருந்தால் மட்டும் 24. கரடான தாளிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு என்ற நினைப்பு நிறைய மரத்தைக் கொன்றிருக்கிறது. அங்கிருந்து 60, 80, 100 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பரின் ஒரே வேலை முந்தைய நம்பர் போட்ட கோடுகளை அழிப்பது. 40இலிருந்து நேராக 100க்குத் தாவினால் 40இன் கோடுகள் அப்படியே இருக்கும், தேய்த்த தரையில் தெரியாமல் பூச்சு பட்டதும் பளிச்சென்று எழும்.

டிரம் சாண்டரில் ஒரே விதி: டிரம் தரையைத் தொடும்போது மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய பிறகு இறக்கி, நிற்பதற்கு முன் தூக்க வேண்டும். ஒரு நொடி நின்றாலும் வாய்க்கால் விழும். ரேகை ஓட்டத்திலேயே முன்னே போய், அதே தடத்தில் பின்னே வந்து, அடுத்த ஓட்டத்துக்குப் பாதி அகலம் நகருங்கள். அறையின் மூன்றில் இரண்டு பாகத்தை ஒரு பக்கமாகவும், மீதியை எதிர்ப்பக்கமாகத் திரும்பியும் தேய்த்து, சேரும் இடத்தில் ஒன்றரை அடியாவது ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஓட்ட வேண்டும். பலகைகள் ஏற்ற இறக்கமாக இருந்தால் முதல் நம்பரில் மட்டும் ரேகைக்கு 7 முதல் 15 டிகிரி சாய்த்து ஓட்டினால் மேடுகள் சீக்கிரம் வெட்டுப்படும். அதற்கு அடுத்த ஓட்டம் நேராக இருக்கட்டும்.

ஓர மெஷினை அரைவட்டமாக வீசி ஓட்டுவதால் அதன் கோடுகள் ரேகைக்குக் குறுக்கே விழும். அதனால் பெரிய மெஷினில் எந்த நம்பரோ அதைவிட ஒரு படி நயமான தாளை ஓரத்தில் போடுங்கள். இல்லையென்றால் நிறம் கொடுக்கும்போது அறையைச் சுற்றிப் படச்சட்டம்போல இருண்ட பட்டை தெரியும். மூலைகளுக்குக் கைச்சுரண்டிதான். அதை ரேகையோடு இழுத்து, பிறகு கையால் உப்புத்தாள் போட வேண்டும்.

ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் தூசி உறிஞ்சுவது கட்டாயம். உதிர்ந்த 40 நம்பர் மணல் ஒன்று 80இன் அடியில் சிக்கினால் சுருள் சுருளாகக் கீறிக்கொண்டே போகும். தரையில் பென்சிலால் லேசாகக் கிறுக்கி வைத்துக்கொண்டால் எந்த இடம் தொடப்படவில்லை என்பது தெரியும். விளக்கைத் தரையோடு தாழ வைத்துப் பார்த்தால் பகலில் தெரியாத அலையும் கோடும் நிழலாக விழும்.

பைன் போன்ற மென்மையான மரங்களில் மிருதுவான ரேகை சீக்கிரம் தேய்ந்து, வைரமான ரேகை மேடாக நின்றுவிடும். மெத்தென்ற பட்டையை விட்டுக் கடினமான தட்டு மாட்டி ஓட்டினால் இது குறையும். 120 நம்பருக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் மரத்தின் கண்கள் மூடி, நிறமும் எண்ணெயும் ஊறாது.

## மக்கும் கறையும்

80 அல்லது 100 நம்பர் தாளில் தேய்க்கும்போது விழுந்த மரத்தூளைச் சல்லடையில் சலித்து, மக்குத் திரவத்தோடு (இடுக்கை அடைக்கும் கலவைக்கான திரவம்) தோசைமாவுப் பதத்தில் குழைத்துத் தட்டையான கத்தியால் இழுத்து அடையுங்கள். காய்ந்ததும் கடைசி நம்பரில் தேய்த்துவிடலாம். ஆனால் 2 மி.மீ.க்கு மேலான நீள இடைவெளிகளை மக்கால் அடைக்கக்கூடாது. மழைக்காலத்தில் பலகை விரிந்து அதை நசுக்கும், கோடையில் சுருங்கியதும் அது உதிர்ந்து குப்பையாக வெளியே வரும். அதே மரத்தைச் சீவி ஆப்பாக்கி, ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவிச் செருகுவது நிலைக்கும். ஈரமான மாதத்தில் மூடி வறண்ட மாதத்தில் திறக்கும் சிறு இடைவெளிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறை, இரும்பும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்து உண்டானது. தேய்த்தால் போகாது, ஆழமாக இறங்கியிருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 முதல் 80 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்து, கறை தெரியும் இடத்தில் மட்டுமல்லாமல் அந்தப் பலகை முழுவதும் தடவினால் நிறம் சீராக வெளுக்கும். அரைமணி கழித்துத் துடைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்த நீரால் முறித்து, சுத்தமான நீரில் இரண்டு முறை துடையுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. சரியாகத் துடைக்காமல் காய்ந்த படிகத்தைத் தேய்த்தால் தூள் மூச்சில் போய் நுரையீரலை எரிக்கும். இரண்டு நாள் உலர்ந்த பிறகு எழும்பிய நாரைக் கையால் மட்டும் 120இல் நீவுங்கள். நாய், பூனை சிறுநீர்க் கறை ஆழமாகப் பிடித்திருந்தால் இதிலும் போகாது, பலகையை மாற்றுவதே வழி.

நிறம் கொடுப்பது அவசியமில்லை. பழைய மரத்தின் சொந்த நிறம் பெரும்பாலும் கடை நிறத்தைவிட அழகு. கொடுப்பதானால் ஈரத்துணியால் சீராகத் துடைத்து நாரை எழுப்பி, காய்ந்த பிறகு பூசி, 5 முதல் 10 நிமிடத்துக்குள் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

## பூச்சு

எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் மஞ்சளான கதகதப்பைத் தரும், தடித்து உறுதியாக நிற்கும். வாடை பலமாக இருக்கும், ஒரு கோட் காய 12 முதல் 24 மணி நேரமாகும். நீர்க்கலவைப் பாலியூரித்தேன் 2 முதல் 4 மணியில் காயும், நிறம் மாறாது, ஒரே நாளில் இரண்டு கோட் போடலாம். ஆனால் கோட் மெலிது என்பதால் மூன்று நான்கு வேண்டும். மெழுகெண்ணெய் மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் ஊறும். தேய்ந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளலாம், மறுபடி முழுத் தரையையும் தேய்க்க வேண்டியதில்லை. மரம் மெலிந்துபோன தரைக்கு எங்கள் சிபாரிசு மெழுகெண்ணெய்தான், கவனிப்பு அதிகம் கேட்டாலும்.

பாலியூரித்தேன் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டருக்கு வரும். 20 சதுர மீட்டருக்கு மூன்று கோட் என்றால் 6 லிட்டர். அறை வெப்பம் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருக்கும் நாளாகப் பாருங்கள். டப்பாவைக் குலுக்கினால் குமிழி சேரும், குச்சியால் கிண்டுவதே சரி. பூசும்போது மின்விசிறி வேண்டாம்.

உட்சுவரில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்கி, ரேகையோடு இழுத்து, முந்தைய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். காய்ந்த ஓரத்தில் சேர்த்தால் தடம் விழும். காயத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பிரஷ் போடாதீர்கள். கோட்டுக்கு இடையில் 220 நம்பரில் லேசாக நீவி, தூசி துடைத்து அடுத்தது. நீர்க்கலவைப் பூச்சில் இரும்புக் கம்பளியைப் பயன்படுத்தினால் உதிரும் துணுக்குகள் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை மரங்களில் எண்ணெய் ரகப் பூச்சுகள் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும், ஏனென்றால் மரத்தின் சாரமே காய்வதைத் தடுக்கிறது. அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் மெழுகு நீக்கிய அரக்கு சீலர் (அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுத்தால் தடுப்புச் சுவராக நிற்கும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைக்கலாம், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகரத்தில் போடலாம்.

## கோளாறும் காரணமும்

பூச்சு வட்ட வட்டமாக விலகி மீன்கண்போலக் குழிந்தால் அடியில் மெழுகோ சிலிக்கான் பாலிஷோ மிச்சம் இருக்கிறது. காய்ந்தபின் உரித்து, துடைத்து, மறுபடி பூச வேண்டியதுதான். தகடாக உரிந்தால் இடையில் நீவவில்லை. ஒரே சீரான இடைவெளியில் குறுக்கலைகள் தெரிந்தால் டிரம்மோ சக்கரமோ சமனில்லை, அல்லது பெல்ட் இணைப்பு தடித்திருக்கிறது. ஐந்தாறு பலகைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, அடுத்த கொத்துக்கு இடையில் மட்டும் அகலப் பிளவு வந்தால் பூச்சு இணைப்புகளுக்குள் வழிந்து பசையாகிவிட்டது. முதலில் சீலர் கொடுத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

## உபயோகத்துக்கு வரும்போது

நீர்க்கலவைப் பூச்சில் 24 மணி கழித்துக் காலுறையோடு நடக்கலாம், எண்ணெய் ரகத்தில் 24 முதல் 48 மணி. மேசை நாற்காலிக்கு மூன்று முதல் ஐந்து நாள், அப்போதும் இழுக்காமல் தூக்கி வைத்து, கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டி. கம்பளமும் பாயும் நீர்க்கலவையில் இரண்டு வாரம், எண்ணெய் ரகத்தில் ஒரு மாதம் பொறுக்கட்டும். அதற்கு முன் மூடினால் பூச்சு முழுதாக இறுகாமல் பாயின் அச்சு பதியும்.

பிறகு தரையைத் தேய்ப்பது வெளியிலிருந்து வரும் மணல்தான். வாசலில் மிதியடி போட்டு, தினமும் பெருக்கி, நன்கு பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். நீராவி மெஷினும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். ஆண்டுக்கொருமுறை வாசலோரத்தில் அந்தத் தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்து, சொட்டு உருண்டு நிற்கும்போதே 150 நம்பர் வலைத்தாளும் ஒரு கோட்டும் கொடுத்துவிட்டால் டிரம் சாண்டரை அடுத்து எடுக்கும் நாள் பல வருடம் தள்ளிப்போகும்.